இரண்டு அமுக்குக்கு ஒரு பதில்

மார்ச் 4, செவ்வாய்

இன்று இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கொடியில் துணி போட்டேன். எட்டு மாதத்துக்குப் பிறகு. துணி போட்டதற்கெல்லாம் டைரியா என்றால், ஆமாம், டைரிதான். காறை எலும்பு உடைந்தவளுக்குத்தான் கொடியின் உயரம் தெரியும்.

கீழே அண்ணன் யாருடைய ஃபிரிட்ஜையோ பிரித்துப்போட்டு வாசலையே அடைத்துவைத்திருந்தான். "பாப்பா, கை தூக்குற! பாத்துட்டேன்!" என்று ஸ்க்ரூ டிரைவரை ஆட்டினான். அவனுக்குப் பின்னால் ஜன்னல் திரை அசைந்தது. அவன் பெண்டாட்டி. பார்த்தாள், திரையை விட்டாள். நானும் பார்க்காததுபோலப் படியேறி வந்துவிட்டேன். ஒரே வீடு, ஒரே வாசல், ஒரே தண்ணீர்த் தொட்டி. எட்டு மாதமாய் ஒரு பேச்சு இல்லை.

மார்ச் 5, புதன்

மல்யுத்தக் கம்பெனி மேனேஜர் போன் செய்தார். "எப்ப வர்ற? உன்னைத் திட்ட முடியாம ஜனங்களுக்கு வாய் நமநமங்குது." கை சரியாகட்டும் என்றேன்.

கை சரியாகிவிட்டது. அதுவா விஷயம்? காலையில் பல்பு மாற்ற ஸ்டூல் மேல் ஏறினேன். காலுக்குக் கீழே தரை தூரமாய்ப் போனதும் இறங்கிவிட்டேன். ஸ்டூல்! கயிற்றின் மேலிருந்து குட்டிக்கரணம் போட்டவள் நான். பல்பு இன்னும் மாற்றவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணன் மாடிக்கு வந்து ரொம்ப நேரம் என் சமையலறைக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நடந்தது நடந்துபோச்சு. விடு பாப்பா" என்றான்.

எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். விடு, விடு. அவள் விட்டதால்தானேடா விழுந்தேன்!

எழுதி வைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் இவர்கள் சொல்லிச் சொல்லி, எனக்கே ஒருநாள் நான் தானாக விழுந்ததாகத் தோன்றிவிடும்.

நாங்கள் ஆடுவது நாடக மல்யுத்தம். யார் ஜெயிப்பது என்று ஆட்டத்தன்று காலையே முடிவாகிவிடும். நான் வில்லி, பெயர் சூறாவளி. அவள் கதாநாயகி, பெயர் பூங்காற்று. பெயர் வைத்த மேனேஜருக்குக் காற்றைத் தாண்டி யோசிக்கத் தெரியவில்லை. என் ஆட்டம் பார்க்க முதல் முறை வந்த அண்ணன், தங்கையைத் தூக்கிப் போட்டவளுக்கு எழுந்து நின்று கைதட்டினான். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் பேசி முடித்துவைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு கம்பெனிக்குக் கொண்டாட்டம். நாத்தனாரும் அண்ணியும் அடித்துக்கொள்வதைப் பார்க்க யாருக்குத்தான் கசக்கும்?

அடி பொய், அழுகை பொய். ஆனால் விழுகிற தரை பொய் இல்லை. அதற்காகத்தான் ஒரு வழக்கம். மேலே தூக்குவதற்கு முன், தூக்கப்படுகிறவள் மற்றவளின் கையை யாருக்கும் தெரியாமல் இரண்டு தடவை அமுக்குவாள். நான் தயார் என்று அர்த்தம். தூக்குகிறவள் ஒரு தடவை திருப்பி அமுக்குவாள். பிடித்திருக்கிறேன் என்று அர்த்தம். அந்தப் பதில் இல்லாமல் யாரும் யாரையும் தூக்கக்கூடாது, கூட்டம் எப்படிக் கத்தினாலும் சரி.

அன்றைக்கு நான் இரண்டு தடவை அமுக்கினேன். பதில் வரவில்லை. ஆனாலும் தூக்கினாள். தலைக்கு மேலே போன பிறகு விட்டாள்.

அடுத்த மாதம் சாம்பியன் பெல்ட் எனக்கு என்று முடிவாகியிருந்தது. நான் படுத்ததும் அது அவளிடமே தங்கிவிட்டது. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பழப்பையோடு வந்தாள். கட்டில் கால்மாட்டில் நின்றாள். "நேரம் சரியில்ல" என்றாள். அவ்வளவுதான். மன்னிச்சுக்கோ என்று ஒரு சொல் சொன்னால் என்ன, வாய் வெந்துவிடுமா?

மார்ச் 11, செவ்வாய்

ஒரு படத்துக்குக் கூப்பிடுகிறார்கள். சிரிப்புப் படமாம்.

இயக்குநர் ஒரு பெண்மணி. நேரில் வந்தார். அடிப்படையில் நிகழ்த்துகலைக்காரர். அதாவது, ஒரு கடையின் கண்ணாடிக் கூண்டுக்குள் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்து வெங்காயம் உரித்திருக்கிறார், தெருவே நின்று பார்த்திருக்கிறது. "அழுதீங்களா?" என்று கேட்டேன். "வெங்காயம் தீர்ந்ததுக்கப்புறம்தான் அழுதேன்" என்றார். பிடித்துப்போனது. மனசுக்குள் 'கண்ணாடிக்கூண்டு' என்று பெயர் வைத்துவிட்டேன்.

இதற்கு முன் அவர் எடுத்த படத்தில் ஒரு மல்லன் மர நாற்காலியோடு சண்டை போட்டுத் தோற்கிறான். முழுப் படமும் அதுதான். இந்தப் படத்தில் இரண்டு பெண்கள் ரிங்கில் சண்டையை ஆரம்பிக்கிறார்கள், முடிக்கத் தெரியவில்லை. கூட்டம் வீட்டுக்குப் போய்விடுகிறது, நடுவர் ரிட்டயர் ஆகிவிடுகிறார், இவர்கள் மட்டும் ஒருவரை ஒருவர் பிடித்தபடியே கடைக்குப் போகிறார்கள், பஸ் ஏறுகிறார்கள், கிழவிகளாகிறார்கள்.

"இன்னொருத்தி யாரு?" என்றேன். பதில் தெரிந்தேதான் கேட்டேன்.

"உங்க கடைசி ஆட்டத்தை நான் பாத்தேன். நீங்க ரெண்டு பேரும் இல்லன்னா எனக்குப் படமே இல்ல."

யோசிக்கிறேன் என்றேன். என்னத்தை யோசிக்க?

மார்ச் 13, வியாழன்

ஒத்துக்கொண்டேன். மூஞ்சிக்கு நேரே ஒரு நாள் கேட்டுவிடுவேன், வேண்டுமென்றுதானே விட்டீங்க என்று. மாடிப்படியில் கேட்டால் அண்ணன் நடுவில் வருவான். ஷூட்டிங்கில் வரமாட்டான்.

மார்ச் 18, செவ்வாய்

முதல் நாள். வங்கிக் காட்சி. நான் அவள் கழுத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையில் நிற்கவேண்டும். டோக்கன் எண் வந்ததும் பிடியை விடாமல் இருவரும் கவுன்ட்டருக்குப் போகவேண்டும்.

எட்டு மாதமாய்ப் பேசாதவளின் கழுத்து என் கக்கத்தில். அதே சோப்பு வாசனை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நிஜமாகவே கொஞ்சம் இறுக்கினேன்.

கவுன்ட்டர்க்காரர் வேஷம் நடுவர் பெரியவருக்கு. எங்கள் கம்பெனியின் உண்மையான நடுவரேதான். மூட்டு தேய்ந்து, தரையில் தட்டி எண்ணும்போதெல்லாம் "அம்மாடி" என்று எழுந்திருக்கிறவர், உட்கார்ந்த வேஷம் என்றதும் ஓடி வந்துவிட்டார். எங்களை ஏற இறங்கப் பார்த்து, "கணக்கு யார் பேர்ல?" என்றார்.

கக்கத்துக்குள்ளிருந்து அவள், "ஜாயின்ட்" என்றாள்.

வசனத்தில் இல்லாதது. யூனிட்டே சிரித்துவிட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், ஆனால் அவள் விலா என் மேல் குலுங்கியது. அவளும் சிரிப்பை அடக்குகிறாள். முன்பெல்லாம் ரிங்கில் இப்படித்தான் குலுங்குவோம், ஜனங்கள் அழுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சிரிக்கவில்லை நான். எழுதிவைத்துக்கொள்கிறேன், சிரிக்கவே இல்லை.

மார்ச் 26, புதன்

கடைசிக் காட்சிக்கு ஒத்திகை ஆரம்பம். தண்ணீர் இல்லாத நீச்சல்குளம், அடியில் ரிங், மேலே சுற்றிலும் உண்மையான பார்வையாளர்கள் உட்காருவார்கள். எங்களுடைய கடைசி ஆட்டத்தையே அப்படியே ஆடவேண்டும். ஆனால் மெதுவாக. இரண்டு நிமிஷ ஆட்டம் முக்கால் மணி நேரத்துக்கு நீளவேண்டும்.

"கேமராவை மெதுவா ஓட்டினா ஆச்சே" என்றேன்.

"அப்ப கேமராதான் கஷ்டப்படும். எனக்கு நீங்க கஷ்டப்படணும்" என்றார் கண்ணாடிக்கூண்டு. பாவி, எவ்வளவு அன்பாகச் சொல்கிறார்!

ஒரு அறை கன்னத்துக்கு வந்து சேர ஒரு டீ ஆறிவிடும். வேகத்தில் எதையும் மறைத்துவிடலாம், மெதுவாக ஆடும்போது எதையும் மறைக்க முடியவில்லை. என் தொடை நடுங்குவது எல்லோருக்கும் தெரிகிறது.

தூக்கும் இடம் வந்தது. பழக்கதோஷம், கையை இரண்டு தடவை அமுக்கினேன்.

பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை!

'போதும்' என்று கையை உதறிவிட்டுக் குளத்தை விட்டு ஏறி வந்துவிட்டேன். திமிர். என்ன ஒரு திமிர்!

மார்ச் 27, வியாழன்

ஒத்திகைக்குப் போகவில்லை. பல்பும் மாற்றவில்லை.

மார்ச் 28, வெள்ளி

கண்ணாடிக்கூண்டு போன் செய்தார். கோபிக்கவில்லை. "ஒண்ணு கேக்கணும். நீங்க கையைப் பிடிக்கிறப்பல்லாம் உங்க அண்ணி ஏன் குனிஞ்சு கையைப் பாக்கறாங்க? அழகா இருக்கு. அது உங்க ஆட்டத்துல ஒரு முறையா?"

அப்படி ஒரு முறை கிடையாது. கையைப் பார்க்கவே கூடாது. பார்த்தால் ஜனங்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். கற்றுக்கொள்ள வருகிறவளுக்கு முதல் நாள் பாடமே அதுதான்.

அப்புறம் ஏன் பார்க்கிறாள்?

ஏப்ரல் 1, செவ்வாய்

போனேன். தூக்கும் இடம் வரைக்கும் மட்டும் மூன்று தடவை ஆடினோம். மூன்று தடவையும் பார்த்தாள். நான் அமுக்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கட்டைவிரலை மட்டும் அழுத்தினாள். நான் அன்று உதறிவிட்டு வந்ததால் இன்று அவசர அவசரமாய்ப் பதில் சொன்னாள், ஆனால் பார்த்துவிட்டுத்தான்.

பழைய ஆட்டங்கள் ஞாபகம் வருகின்றன. அந்தக் கடைசி மாதங்களில் பதில் சில நாள் முந்திக்கொண்டு வந்தது, சில நாள் பிந்தி வந்தது. நான் கண்டுகொள்ளவில்லை. இவளுக்கு ஆட்டத்தில் மனசு இல்லை என்று நினைத்தேன்.

இடைவேளையில் குளத்து விளிம்பில் உட்கார்ந்தோம். நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு. அவள் வலது கை தரையில் ஊன்றியிருந்தது, மேலே துண்டு கிடந்தது. வேண்டுமென்றே துண்டின் கீழே கையை விட்டு அவள் கையைப் பிடித்தேன். இரண்டு தடவை அமுக்கினேன். அவள் எதிரே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்தை வைத்து அழுத்தினேன். நன்றாகவே அழுத்தினேன்.

லைட் ஆளிடம், "தம்பி, அந்த ஒயரை ஓரமாப் போடுங்க, யாராவது தடுக்கி விழுந்துடப் போறாங்க" என்றாள்.

துண்டை எடுத்துப் பார்த்தால் அவள் புறங்கையில் என் நகத்தடம் பிறைபிறையாய். அவளுக்குத் தெரியவே இல்லை.

ஐயோ அண்ணி.

ஏப்ரல் 2, புதன்

உடை மாற்றும் அறை. நாங்கள் இரண்டு பேர் மட்டும். அண்ணி குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு. இதையும் நான் பார்த்திருக்கிறேன், எத்தனையோ நாள்.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

"என்னது?"

"கை."

கயிறு வாயிலிருந்து விழுந்தது. "ரெண்டு வருஷமாகப் போவுது" என்றார். "முதல்ல சுண்டுவிரல் மரத்துச்சு. தூங்கறப்ப அழுத்தியிருப்போம்னு நெனச்சேன். இப்ப கட்டைவிரலை விட்டா மத்ததெல்லாம் கட்டைதான். கழுத்துல நரம்பு நசுங்கியிருக்காம்."

"அன்னைக்கு?"

"நீ அமுக்கினியா இல்லியான்னே எனக்குத் தெரியாது. குனிஞ்சு பாக்க நேரமில்ல. எப்பவும் அமுக்குவியே, அமுக்கியிருப்பேன்னு தூக்கிட்டேன். மேல போனதும்... நான் விடலம்மா. கைதான் விட்டுச்சு."

எனக்கு வந்த கோபம் இருக்கே! எட்டு மாசம்! எட்டு மாசம் உங்களை நான் என்னென்ன நெனச்சேன் தெரியுமா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னன்னு கத்தினேன். கம்பெனிகிட்ட வேணாம், எங்கிட்ட!

"உங்கிட்ட சொன்னா நீ என்ன பண்ணுவ? மூடி மறைப்ப. தெரிஞ்சே வாராவாரம் இந்தக் கையில ஏறுவ. ஏறமாட்டியா?"

ஏறியிருப்பேன்.

"அதுக்கு நீ என்னைத் திட்டிக்கிட்டு மாடியிலேயே பத்திரமா இருக்கறது தேவலன்னு இருந்துட்டேன்."

"இப்ப கம்பெனிக்கு வந்திருக்கற புதுப் பொண்ணைத் தூக்கறீங்களே?"

"நீ விழுந்ததுலேருந்து யாரையும் தூக்கல. முதுகு வலின்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அவருக்கா? அவர்கிட்ட சொன்னா ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்ற வீட்டுக்கெல்லாம் சொல்லிடுவார்." சிரித்தார். உடனே அழுதார். அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்தார், கன்னத்தில் எங்கெங்கோ பட்டது.

"அப்புறம் இந்தப் படத்துக்கு ஏன் ஒத்துக்கிட்டீங்க? தூக்கற காட்சி இருக்குன்னு தெரியும்ல?"

"நீ வர்றேன்னு சொன்னாங்க."

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

ராத்திரி அழுது தீர்த்ததில் கண் வீங்கிப்போய்ப் போனேன். மேக்கப்காரர், வில்லிக்குப் பொருத்தம்தான் என்று விட்டுவிட்டார்.

கண்ணாடிக்கூண்டிடம் சொன்னேன்: "கடைசிக் காட்சியில நான்தான் அவங்களைத் தூக்குவேன்."

"ஏன்?"

அண்ணி கையைப் பற்றி மூச்சு விடவில்லை. அதை அவர்தான் சொல்லவேண்டும், நான் இல்லை. "வில்லி கதாநாயகியைத் தூக்கிட்டு, போட மனசு வராம நிக்கறா. சிரிப்பு வரும்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு அண்ணியின் கையைப் பார்த்தார். வெங்காயக்காரிக்குக் கண் கூர்மை. "சரி" என்று மட்டும் சொன்னார். நல்ல மனுஷி.

அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் ஓரமாய் உட்கார்ந்து புது அடையாளம் யோசித்தோம். கை கூடாது. "காலை மிதிக்கட்டுமா?" என்றார் அண்ணி. "நீங்க மிதிச்சா எனக்கு இன்னொரு எட்டு மாசம்" என்றேன். கடைசியில் தாடை என்று முடிவானது. தூக்குவதற்கு முன் கட்டிப்பிடிக்கும்போது அவர் தாடையால் என் தோளில் இரண்டு தடவை அமுக்கவேண்டும். நான் அவர் தோளில் ஒரு தடவை.

ஏப்ரல் 5, சனி

எடுத்தாயிற்று. ஒரே டேக்.

குளத்தைச் சுற்றி ஆட்கள். முதலில் சிரித்தார்கள். சூறாவளியின் அறை ஆமை மாதிரிப் போவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. எங்கள் மூச்சுச் சத்தம் மட்டும் குளத்துச் சுவரில் பட்டுத் திரும்பிவந்தது.

கட்டிப்பிடித்தோம். அண்ணியின் தாடை என் இடது தோளில் வந்து உட்கார்ந்தது. சரியாக, உடைந்து ஒட்டிய எலும்பின் மேல். இரண்டு தடவை அமுக்கினார்.

இவரை நான் விட்டுவிட்டால்? அவருக்குக் கழுத்தில் நரம்பு. எனக்குத் தோளில் ஒட்டுப்போட்ட எலும்பு. பல்பு மாற்ற ஸ்டூல் ஏறமுடியாதவள் நான். அவர் அவசரப்படவில்லை. முக்கால் மணி நேர ஆட்டத்தில் காத்திருப்பதற்கு மட்டும் பஞ்சமே இல்லை. தாடையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். அவர் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது. பயந்துதான் இருந்தார். பயந்துகொண்டே என் மேல் சாய்ந்திருந்தார்.

ஒரு தடவை அமுக்கினேன். தூக்கினேன்.

மெதுவாக, மெதுவாக, தலைக்கு மேலே. தோள் எரிந்தது. பிடித்தது, விடவில்லை. அங்கேயே நிற்கவேண்டும், போட மனசு வராமல். நிஜமாகவே வரவில்லை.

மேலேயிருந்து அண்ணி, வசனமே இல்லாத காட்சியில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இறக்குடி, தலை சுத்துது" என்றார்.

நான், "சும்மா இருங்க அண்ணி, மானம் போவுது" என்றேன். வாய் தவறித்தான் வந்தது.

குளம் அதிர்ந்தது. கேமராமேன் தோள் குலுங்க, வாயைப் பொத்திக்கொண்டு படம் பிடித்தார். நான் அண்ணியைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் இறக்கிக் கிடத்தினேன். நடுவர் பெரியவர் முட்டி போட்டு எண்ண வந்து, "அம்மாடி" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அதுவும் படத்தில் இருக்குமாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பல்பு மாற்றினேன். ஸ்டூலை அண்ணி பிடித்துக்கொண்டார். "அந்தக் கையாலயா பிடிச்சிருக்கீங்க?" என்று மேலேயிருந்து கேட்டேன். "காலால" என்றார்.

மே 14, புதன்

அண்ணி மேனேஜரிடம் தானே போய்ச் சொல்லிவிட்டார். பெல்ட்டை மேஜையில் வைத்துவிட்டு வந்தார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தார். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டேன். "ரொம்ப" என்றார்.

அண்ணனுக்கும் சொன்னார். அவன் நேரே போய், வீட்டிலிருந்த எல்லாக் கதவுப் பிடிகளையும் கழற்றிப் பெரிய பிடியாக மாற்றிக்கொண்டிருக்கிறான். மூன்று நாளாய் ஒரு கதவும் சரியாக மூடவில்லை.

ஜூலை 19, சனி

கழுத்தில் ஆபரேஷன் முடிந்தது. முழுசாய்த் திரும்பாது, மோசமாகாமல் நிற்கும் என்கிறார் டாக்டர். சுண்டுவிரலில் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறதாம். எறும்பாவது வந்ததே என்கிறார்.

ஆகஸ்ட் 30, சனி

படம் போட்டுக் காட்டினார்கள். சின்ன அரங்கம், பாதி நாற்காலி காலி. "ஜாயின்ட்" என்றதும் எனக்கு முன்னால் இருந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன், இந்தத் தடவை மறைக்கவில்லை. கடைசிக் காட்சியில் அதே மனுஷர் மூக்கை உறிஞ்சினார். எதற்கு அழுகிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. தாடை எங்கே உட்கார்ந்தது என்று எங்களுக்குத்தானே தெரியும்.

செப்டம்பர் 20, சனி

இன்று ரிங்குக்குத் திரும்பினேன். ஜனங்கள் என்னைக் கண்டதும் திட்டிய திட்டில் மனசு குளிர்ந்துபோனது. கதாநாயகி புதுப் பெண். என்னைத் தூக்கிப் போடுவதாக ஏற்பாடு.

நடுவர் பெரியவர் மூட்டு வலியோடு ஓய்வுக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் கோடு போட்ட சட்டையில் அண்ணி. மேனேஜரிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அண்ணியே கேட்டு வாங்கிக்கொண்டார்.

கயிற்றோரம் புதுப் பெண் என்னைப் பிடித்தாள். கூட்டம் "போடு, போடு" என்று கத்தியது. அவள் கையை இரண்டு தடவை அமுக்கினேன். சத்தத்தில் அவளுக்குப் புத்தி தடுமாறிவிட்டது, பதில் இல்லாமலேயே தூக்கப் பார்த்தாள்.

"நிறுத்து!" அண்ணி நடுவில் வந்து நின்றார். இல்லாத தப்புக்காக அந்தப் பெண்ணை விரலை ஆட்டிக் கண்டித்தார். கூட்டம் அவரையும் சேர்த்துத் திட்டியது. பிறகு விலகி நின்று, குனிந்து, எங்கள் கைகளையே பார்த்தார்.

நான் திரும்ப இரண்டு தடவை அமுக்கினேன். பதில் வந்தது.

அண்ணி தலையசைத்தார். நான் எம்பினேன்.